ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு நொடி

கால்டர்வில், ஒஹாயோ
அக்டோபர் 23, 1995

அண்ணா,

ஃபோன் செய்தால் வைத்துவிடுகிறாய். நேற்று மூன்று தடவை வைத்தாய். மூன்றாவது தடவை நான் வாயைக்கூடத் திறக்கவில்லை, மூச்சுதான் விட்டேன், அதற்கே வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்காவது இதை நீ கையில் எடுத்தாக வேண்டும்.

சனிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியாததில்லை. ஆனால் உன் ஊரில் கதை வேறு மாதிரி ஓடுகிறது என்று கேள்வி. தோற்றுவிட்டு அழுகிறார்களாம், பெண் பிள்ளைகளாம், சாக்கராம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இதையேதான் லீக் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறேன், உனக்கான வசவுகளை மட்டும் எடுத்துவிட்டு.

நான் பயிற்சி தரும் பெண்களுக்கும் ஆஷ்பி பெண்களுக்கும் ஆட்டம், காலால் ஆடும் சாக்கர். பொதுவான இடம் வேண்டும் என்று லீக்காரர்கள் உங்கள் ப்ரையர் ஃபோர்க் ஸ்டேடியத்தைப் பிடித்தார்கள். ஸ்டேடியம் வந்தால் ஸ்கோர்போர்டு வரும், ஸ்கோர்போர்டு வந்தால் கூடவே நீயும் வருவாய். இருபத்தாறு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் ஃபுட்பாலுக்கு, கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த முட்டைப் பந்துக்கு, கடிகாரம் ஓட்டுகிறவன் ஆயிற்றே. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "மாமா மேல உக்காந்து பாப்பாரும்மா, நான் ஒண்ணுகூட விடமாட்டேன்" என்று எங்கள் கோல்கீப்பர் கொரின் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்றைத்தான் விட்டாள். நாங்களும் ஒன்று போட்டோம். புள்ளிகளில் நாங்கள் மேலே இருந்ததால் டிரா ஆனாலே இறுதிப் போட்டிக்குப் போய்விடுவோம். ஆட்டத்தின் கடைசிக் கட்டம். பந்து எங்கள் பக்கத்தில்தான் கிடந்தது. அப்போது நீ ஹாரனை அடித்தாய்.

உங்கள் முட்டைப் பந்து ஆட்டத்தில் ஹாரன் அடித்தால் முடிந்தது. சாக்கரில் ஹாரன் என்று ஒன்று கிடையவே கிடையாது. நேரம் நடுவரின் கைக்கடிகாரத்தில் இருக்கிறது, அவர் விசில் ஊதினால்தான் முடிவு. இதை நான் என் பெண்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் பிறந்து பதினேழு வருடம் அந்த ஹாரனைக் கேட்டு வளர்ந்த பெண் என்ன செய்வாள்? கொரின் கையுறைகளைக் கழற்றி ஆகாயத்தில் வீசிவிட்டு, தோழிகளைக் கட்டிக்கொள்ள ஓடினாள். பதினொரு பேரும் நின்றார்கள். ஆஷ்பி பெண்களும் நின்றார்கள். ஒருத்தி மட்டும் நிற்கவில்லை. அவள் அப்பா ஹோண்டுராஸ்காரர், அப்பாவோடு சாக்கர் பார்த்து வளர்ந்தவள், ஹாரன் அவளுக்கு ஏதோ லாரி சத்தம். காவலில்லாத வலைக்குள் பந்தைத் தட்டிவிட்டாள். நடுவர் விசில் ஊதியிருக்கவில்லை. கோல் என்று கை காட்டினார். இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.

லீக் குழு நவம்பர் எட்டாம் தேதி கூடுகிறது. கடிகாரம் ஓட்டியவர், "நடுவர் சொல்லாமல் நானாகத்தான் ஹாரன் அடித்தேன்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தக் கோலை எடுத்துவிட்டு மிச்ச நேரத்தை மறுபடி ஆட விடுவார்கள். இல்லையென்றால் எங்கள் வருடம் முடிந்தது. என் அணியில் ஏழு பெண்களுக்கு இதுதான் கடைசி வருடம். கொரினுக்கும்.

ஒரு வரி எழுது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஜோனெல்

*

ப்ரையர் ஃபோர்க்
அக்டோபர் 26

ஜோனெல்,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. டயர் கடையில் ஆள் வராத நேரம் பார்த்து இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ரத்தம் கொதித்தது.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். நானூறு பேர் பார்க்க, கடிகார அறைக்குக் கீழே வந்து நின்று, "டேய் கிழட்டு மடையா! எறங்கி வாடா கீழ!" என்று கத்தியது யார்? உன்னைவிட எட்டு வயது மூத்தவனை. அப்பா இல்லாத குறைக்கு உன் கல்யாணத்தில் உன்னைக் கைபிடித்து அழைத்துப்போனவனை. இப்போது டயர் மாற்ற வருகிறவன் எல்லாம் கடை வாசலில் நின்று "வெண்டல், எறங்கி வாடா கீழ" என்கிறான். நேற்று பாதிரியார் சொன்னார். பாதிரியார்!

சரி, உன் ஆட்டத்துக்கு வருவோம். ஆட்டமா அது? எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்க்க வந்த நானூறு பேருக்குத் தெரியாது, ஆடுகிற பெண்களுக்குத் தெரியாது, கோச் உனக்குத் தெரியாது. ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும், அவனும் சொல்ல மாட்டான். பல் பிடுங்கப் போனால் டாக்டர்கூட "இன்னும் அஞ்சு நிமிஷந்தான்" என்று சொல்லிவிடுகிறார். கடிகாரம் எதற்கு இருக்கிறது? எல்லோரும் பார்ப்பதற்கு. ஒருவன் மணிக்கட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு, தனக்குத் தோன்றும்போது ஊதுவதற்குப் பெயர் விதியா?

அப்புறம் அந்த ஆஃப்சைடு. கடிகார அறையில் என்னோடு எப்போதும் உட்காரும் மெர்ல் மூன்று தடவை விளக்கினான், அவனுக்கே புரியவில்லை. "முன்னால போய் நின்னா தப்பாம்டா." முன்னால் போகத்தானே ஆட்டம்? போன வருடம் கோடையில் உலகக் கோப்பை என்று எல்லா நாட்டுக்காரர்களும் இங்கே வந்து ஆடினார்களே, அதையும் டிவியில் பார்த்தேன். வயசுவந்த ஆண்பிள்ளை, யாரோ சட்டையில் உரசினான் என்று விழுந்து, காலை ரம்பத்தால் அறுத்ததுபோல் உருளுகிறான். ஸ்ட்ரெச்சர் வருகிறது. தூக்கிப் போகிறார்கள். கோட்டுக்கு வெளியே இறக்கியதும் எழுந்து ஓடி வருகிறான்! நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் தோள் விலகியதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நாலு ஆட்டம் ஆடினான்.

எல்லாவற்றுக்கும் மேலே, டிரா. தொண்ணூறு நிமிடம் நாய் மாதிரி ஓடிவிட்டு, ஒன்றுக்கு ஒன்று, கைகுலுக்கி வீட்டுக்குப் போவது. உன் பெண்கள் கையுறையை வீசிக் கொண்டாடியது ஜெயித்ததற்கா? ஜெயிக்காததற்கு! நானாயிருந்தால் வெட்கப்பட்டிருப்பேன்.

பூஜ்யம் வந்தால் ஹாரன் அடிக்கும். அந்த இயந்திரம் அப்படித்தான். இருபத்தாறு வருடத்தில் ஒரு நொடிகூட நான் தவறியதில்லை, எதிரணி கோச்சுகளே ஒப்புக்கொள்வார்கள். தப்பு செய்தவன் அந்த நடுவர். நான் எதிலும் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

வெண்டல்

*

கால்டர்வில்
அக்டோபர் 29

அண்ணா,

வெட்கத்தைப் பற்றி நீ பேசுகிறாயா?

உன் ஃபுட்பாலைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் நான் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். மூன்று மணி நேரம் பத்து நிமிடம் டிவி ஓடியது. பந்து உயிரோடு இருந்தது பதினொரு நிமிடம். மிச்ச நேரம் முழுக்க வட்டமாக நின்று குசுகுசுப்பது, பின்பக்கத்தைத் தட்டிக்கொடுப்பது, பீர் விளம்பரம். உன்னுடைய "கடைசி இரண்டு நிமிடம்" இருபத்தைந்து நிமிடம் ஓடுகிறது, அதில் எனக்கு ஒரு கூடை துணி மடித்து முடிகிறது. நேரத்தைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தருகிறாய்.

அந்தச் சங்கிலியைச் சொல்லட்டுமா? பத்து பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கிறார்கள். அடியில் எங்கோ பந்து. நடுவர் குவியலைப் பிரித்து, ஏதோ குத்துமதிப்பாக ஒரு இடத்தில் பந்தை வைக்கிறார். அப்புறம் இரண்டு பேர் இரும்புச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, பத்து கஜத்துக்கு அரை அங்குலம் குறைகிறதா என்று குனிந்து அளக்கிறார்கள்! வைத்தது குத்துமதிப்பு, அளப்பது அரை அங்குலம். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதில் நீ சாக்கரைக் கேலி செய்கிறாய். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்குக் காலைப் பற்றிப் பேச வாயே கிடையாது.

இயந்திரம் அடித்தது என்றாயே, யாரிடம் கதை அளக்கிறாய்? ஆட்டத்துக்கு முன் நடுவர் மேலே ஏறி வந்தபோது நான் படியில் நின்றிருந்தேன். "கடைசி ரெண்டு நிமிஷம் வரும்போது கடிகாரத்த நிறுத்திடுங்க சார், மிச்சம் என் வாட்ச்ல" என்றார். நீ தலையை ஆட்டினாய். சொன்னபடி நிறுத்தவும் செய்தாய். ஆஷ்பி பெண் ஒருத்தி அடிபட்டு விழுந்திருந்தாள், போர்டில் இரண்டு என்ற எண் அசையாமல் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் எழுந்து ஆட்டம் தொடங்கியதும் அது மறுபடி ஓடியது. இயந்திரம் தானாக எழுந்து ஓடாது. ஒருவன் பட்டனை அழுத்தினான். ஏன் அழுத்தினாய்?

நானே சொல்கிறேன். எங்கள் ஆட்டத்தை நீ ஆட்டமாகவே மதிக்கவில்லை. நம் வீட்டில் எப்போதுமே அப்படித்தான். வெள்ளிக்கிழமை அப்பாவின் பக்கத்து இருக்கை உனக்கு. நான் பன்னிரண்டு வயதில் கேலரிக்குப் பின்னால் பாப்கார்ன் விற்றேன், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆறு வருடம் விற்றேன். ஒரு டச்டவுன்கூடப் பார்த்ததில்லை. அந்த ஹாரன் அடித்தால் எண்ணெய்ச் சட்டியைக் கழுவலாம், எனக்கு ஃபுட்பால் என்றால் அவ்வளவுதான். கல்யாணமாகி ராயின் ராணுவ வேலையோடு ஜெர்மனிக்குப் போன பிறகுதான், பெண்களும் ஆடுகிற, பெண்களும் முன்வரிசையில் நின்று கத்துகிற ஒரு ஆட்டத்தைப் பார்த்தேன். அது உனக்கு இளக்காரம்.

கொரின் எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். பள்ளிக்கூடப் பார்க்கிங்கில் அவள் நடந்து போகும்போது கார்களில் இருக்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஒருவன் அடித்தால் வரிசையாக எல்லோரும் அடிக்கிறார்கள். ஒரு வாரமாக இது நடக்கிறது. கையுறைகளை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள், அவள் வாங்கவில்லை, என் கார் டிக்கியில் கிடக்கிறது. அழவில்லை. திட்டவில்லை. பேசவே மாட்டேன் என்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

இப்போது சொல், கையெழுத்துப் போட மாட்டாயா?

ஜோ

*

ப்ரையர் ஃபோர்க்
அக்டோபர் 31

ஜோ,

ஹாரன் அடிக்கிற அந்தப் பிள்ளைகள் எந்த வீட்டுப் பிள்ளைகள்? பெயர் எழுதி அனுப்பு. தொண்ணூறு மைல் ஒன்றும் பெரிய தூரமில்லை.

பாப்கார்ன் கதையை நாற்பது வருடம் கழித்து என் தலையில் கட்டாதே. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தது உல்லாசம் என்றா நினைத்தாய்? ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் காரில் என்னைக் கேள்வி கேட்பார். மூன்றாவது பகுதியில் எத்தனை நொடி மிச்சம் இருக்கும்போது பந்து கை மாறியது? தெரியாது என்றால் வீடு வரும்வரை பேச மாட்டார். நான் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். நீ பாப்கார்ன் தின்றுகொண்டு நிம்மதியாக இருந்தாய்.

ஏன் அழுத்தினாய் என்று கேட்டாய். உன் ஆட்டத்தை மதிக்காததால் என்று நீயே பதிலும் எழுதிவிட்டாய். அது பொய். அன்றைக்கு என் ஸ்டேடியத்தில் என் தங்கை மகள் கோல் காத்தாள். நான் காலையிலேயே போய் போர்டில் எரியாத மூன்று பல்புகளை மாற்றினேன், தெரியுமா? தெரியாது. நீ கேட்க மாட்டாய், கத்துவாய்.

நடந்தது இது. கடிகாரத்தை நிறுத்தினேன். அந்தப் பெண் எழுந்தாள், ஆட்டம் தொடங்கியது. போர்டில் எண் நகரவில்லை. கீழே இருப்பவர்கள் யார்? சாக்கரைப் பற்றி ஒன்றும் தெரியாத நம்ம ஊர் ஃபுட்பால் ஆட்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். "வெண்டல், கடிகாரம் செத்துப்போச்சா?" "யோவ், மேல தூங்கிட்டியா?" "ஆட்டம் ஓடுது, உன் டப்பா ஓடலையே!" மெர்ல் வேறு முழங்கையால் இடித்து, "மானம் போகுது, போட்டு விடுடா" என்றான். ஜோ, ஆட்டம் ஓடும்போது கடிகாரம் நின்று நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. என்னால் தாங்க முடியவில்லை. விரல் தானாகப் போயிற்று. பூஜ்யம் வந்தால் ஹாரன் அடிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடித்த பிறகுதான் கீழே நடுவரைப் பார்த்தேன். அவர் விசில் வாயில் இல்லை. கொரினின் கையுறைகள் மேலே பறந்துகொண்டிருந்தன.

போதுமா? சந்தோஷமா?

ஆனாலும் நான் கையெழுத்துப் போட முடியாது. மெர்ல்தான் இப்போது ஃபுட்பால் சங்கத்துக்குத் தலைவர். நேற்று கடைக்கே வந்தான். இடித்தவன் அவன்தான், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கடிகாரம் தப்பா ஓட்டினேன்னு நீயே எழுதிக் குடுத்தா, அப்புறம் வெள்ளிக்கிழமை உன்னை எப்படிடா மேல உக்கார வைக்கிறது? ஒவ்வொரு நொடிக்கும் எதிராளி சண்டைக்கு வருவான்" என்றான். அந்த நாற்காலி போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது, சொல். டயரா?

இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். உன் கடிதங்களைக் கிழிக்கவில்லை, என்னுடையதைத்தான் கிழித்தேன்.

வெண்டல்

*

கால்டர்வில்
நவம்பர் 1

அண்ணா,

பல்பு மாற்றியதற்கு நன்றி. நாற்காலியைப் பற்றிப் பேச எனக்கு இப்போது நேரமில்லை. இடித்தவன் முழங்கையோடு தப்பித்துக்கொண்டான், நீ அவனுக்குப் பயப்படுகிறாய், அதை நினைத்தால் பற்றி எரிகிறது. இருக்கட்டும்.

விஷயம் மாறியிருக்கிறது. கவனமாகப் படி.

நடுவர் லீக்குக்கு எழுதிவிட்டார். அடிபட்ட பெண் எழுந்ததும், அடிபட்டுக் கிடந்த நேரத்தையும் சேர்த்து இன்னும் எத்தனை நிமிடம் என்று உன் அறையைப் பார்த்து விரல் காட்டியதாகச் சொல்கிறார். ஆனால் இரண்டு விரலா நான்கு விரலா என்று அவருக்கே நினைவில்லையாம். கைக்கடிகாரத்தையும் அன்றே பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டாராம். (ஆமாம், ஒருவன் மணிக்கட்டில் ஒளித்து வைத்தால் இப்படித்தான் ஆகும். சொல்லிக் காட்ட வேண்டுமென்றால் காட்டிக்கொள்.) ஆஷ்பி அப்பா ஒருவர் வீடியோ எடுத்திருக்கிறார். ஹாரன் அடித்ததிலிருந்து பந்து வலைக்குள் போக ஒன்பது நொடி. விரல் அதில் இல்லை.

லீக் செயலாளர் அம்மாவிடம் பேசினேன். "கடிகாரத்துக்காரர் என்ன எழுதுறாரோ அதுதான் எங்களுக்கு முடிவு" என்றார்.

நான்கு விரல் என்றால் ஹாரனுக்குப் பிறகும் நிறைய நேரம் இருந்தது, அதை மறுபடி ஆட வேண்டும். இரண்டு விரல் என்றால், கோல் விழுந்தபோது நேரமே முடிந்துவிட்டது. நடுவர் கொஞ்சம் தாமதமாக ஊதினார், அவ்வளவுதான். கோல் செல்லாது. ஒன்றுக்கு ஒன்று. மறுஆட்டம் கிடையாது, ஒன்றும் கிடையாது. நாங்கள் நேராக இறுதிப் போட்டிக்கு.

அதுமட்டுமில்லை. இரண்டு விரல் என்றால் நீ ஹாரன் அடித்ததும் கிட்டத்தட்ட சரியான நேரம்தான். உன் இருபத்தாறு வருடத்துக்கும் பங்கம் வராது. மெர்லுக்கும் வாய் அடையும். நாற்காலி உன்னிடமே இருக்கும்.

இரண்டு விரல் என்று எழுது. மேலே உன்னையும் மெர்லையும் தவிர யாரும் இல்லை. மெர்ல் அந்த நேரம் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தான், நான் பார்த்தேன்.

அவள் இன்றைக்குப் பள்ளிக்கூடமே போகவில்லை. எழுது, அண்ணா. உன் காலைப் பிடிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்படித்தான் வைத்துக்கொள்.

ஜோ

*

ப்ரையர் ஃபோர்க்
நவம்பர் 6

ஜோ,

லீக்குக்கு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல் இது:

"நான் வெண்டல் ஸாட்லர். அக்டோபர் 21 ஆட்டத்தில் கடிகாரம் ஓட்டியவன். இரண்டு நிமிடம் இருக்கும்போது நிறுத்தச் சொல்லி நடுவர் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். நிறுத்தினேன். அடிபட்ட பெண் எழுந்ததும் நடுவர் என்னைப் பார்த்து நான்கு விரல் காட்டினார். என் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கும், அதை அப்போது அழுத்தினேன். ஆறு நொடி கழித்து, யாரும் சொல்லாமல், நானாகப் போர்டுக் கடிகாரத்தை ஓடவிட்டேன். அதனால் இரண்டு நிமிடம் ஆறு நொடியில் ஹாரன் அடித்தது. மிச்சம் இருந்தது ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு நொடி. கோல்கீப்பர் என் ஹாரனைக் கேட்டுத்தான் நின்றாள். தப்பு என்னுடையது."

நான்கு விரல், ஜோ. கட்டைவிரலை மடக்கி நான்கு. ஞாபகம் இல்லை என்று சொல்ல நான் அந்த நடுவர் இல்லை.

நீ இப்போது கத்துவாய். கத்து. நானும் மூன்று நாளாக உன்னை நினைத்து டயர்களை உதைத்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு தைரியம் உனக்கு! ஹாரன் அடித்தது என் தப்பு, சரி, அந்தத் தப்பை என் முகத்தில் எறிந்தாய், வாங்கிக்கொண்டேன். அடுத்த தபாலில் என்னைத் திருடச் சொல்கிறாய். அன்று மைதானத்தில் இருந்த இருபத்திரண்டு பேரில் விதிப்படி ஆடியவள் அந்த ஹோண்டுராஸ்காரர் மகள் ஒருத்திதான். விசில் வரும்வரை ஆடினாள். அவள் கோலை எடுப்பதே அநியாயம், என் ஹாரனால் எடுக்கிறார்கள். மிச்ச நேரத்தையும் சேர்த்து அவளிடமிருந்து பிடுங்கச் சொல்கிறாயா? இரண்டு விரலை மடக்கினால் முடிந்துவிடுமாம்!

உன் ஆட்டம் ஒரு ஆட்டமே இல்லை என்று சொன்னவன் நான்தான். இன்னமும் சொல்வேன், பாதி விதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் கடிகாரம் கடிகாரம்தான், எந்த ஆட்டத்தில் ஓடினால் என்ன.

மெர்லுக்கும் ஒரு நகல் கொடுத்தேன். படித்தான். "சரி வெண்டல்" என்றான். வெள்ளிக்கிழமை மேலே அவன் மருமகன் உட்கார்ந்தான். முதல் பகுதியிலேயே பதினாலு நொடி தவறவிட்டான். நான் டிக்கெட் வாங்கிக் கேலரியில் உட்கார்ந்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

மறுஆட்டத்துக்கு என்னைக் கூப்பிடாதே. வர மாட்டேன்.

வெண்டல்

*

கால்டர்வில்
நவம்பர் 19

அண்ணா,

வர மாட்டேன் என்றவனின் நீல டிரக் வேலிக்கு வெளியே, மரத்துக்குப் பின்னால் நின்றதை நான் பார்த்தேன். அந்த டிரக்கை ஒளித்து வைக்க அந்த மரம் போதாது.

தூரத்திலிருந்து எவ்வளவு தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

கொரின் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தின் நகலை சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தேன், லீக்குக்கு எழுதிய பகுதியை மட்டும். படித்தாள். எழுந்து போய் கார் டிக்கியைத் திறந்து கையுறைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை இரண்டு அணியும் பஸ் பிடித்து உங்கள் ஸ்டேடியத்துக்கே வந்து, ஒரு மணி நேரம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு நொடி ஆடினோம். போர்டை அணைத்துவிடச் சொன்னேன்.

எழுபதாவது நொடி இருக்கும், கார்னர் கிக். பந்து தாழ்வாக வந்தது. அதே ஹோண்டுராஸ் பெண் தலையால் முட்டினாள். கொரின் பாய்ந்தாள், நடுவிரல் நுனியில் பட்டது, பட்டும் உள்ளே போனது. நல்ல கோல். அதில் சொல்ல ஒன்றுமில்லை. மிச்ச நொடிகளில் நாங்கள் ஒன்றும் போடவில்லை, நடுவர் விசில் ஊதினார். மறுபடி இரண்டுக்கு ஒன்று.

நீ இரண்டு விரல் என்று எழுதியிருந்தால் நாங்கள் இறுதிப் போட்டியில் இருப்போம். ஏழு பெண்களின் கடைசி வருடம் இப்படி முடிந்திருக்காது. இதை நான் உனக்குச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை. பஸ்ஸில் வரும்போது உன்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் இறங்கி, எங்கள் காருக்கு வந்து கதவைச் சாத்தியதும் கொரின் அழுதாள். நாலு வாரத்தில் முதல்முறை. மூக்கைச் சிந்தி, தோளைக் குலுக்கி, சின்ன வயதில் அழுவாளே, அப்படி. நான் பயந்துபோய் முதுகைத் தடவினேன். "பரவால்லம்மா, விடு. இது நான் விட்ட கோல். இதுக்கு அழ வருது. அன்னிக்கு நடந்ததுக்கு அழக்கூட முடியல" என்றாள்.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மாமா மட்டும் ரெண்டு விரல்னு எழுதியிருந்தா இந்த அழுகையே வந்திருக்காதுடி. நான் எவ்ளோ கெஞ்சினேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ கெஞ்சினியா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? காரை விட்டு இறங்கிவிட்டாள். மூன்று மைல் நடந்தே வீட்டுக்கு வந்தாள், குளிரில், கையுறைகளைப் போட்டுக்கொண்டு. நான் பக்கத்திலேயே காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன், ஏறவில்லை.

நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ராயோடு பேசுகிறாள், நாயோடு பேசுகிறாள், ஃபோனில் தோழிகளோடு சிரிக்கக்கூடச் செய்கிறாள். நான் உள்ளே வந்தால் எழுந்து போய்விடுகிறாள்.

வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்து. வான்கோழி வாங்கியாகிவிட்டது. நீ வா. நான் கூப்பிட்டால் அவள் மேஜைக்கு வர மாட்டாள். நீ இருந்தால் வருவாள்.

ஜோ